ஜெட்டியில் ஒரு பதிவேடு

(நம் டிரஸ்டின் மாதாந்திர நலவாழ்வுக் கூட்டத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத குடும்பத்தார்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, கண் சிகிச்சை முகாம், ரேஷன் கார்டு திருத்தம் என்றுதான் பேசுவோம். இந்த மாதம் கடல் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்று அறிவித்ததும், "டிரஸ்டுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும்போது நாங்களே வெட்கப்பட வேண்டிய ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அது பின்னால் வருகிறது.

2019-ஆம் வருடம் செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கடல் பச்சையாகிப் போனது. மண்டபம் பக்கத்தில் சிங்கில் தீவு, குருசடைத் தீவு, பூமரிச்சான் தீவு இவற்றைச் சுற்றி மீன்கள் செத்து மிதந்தன. நம் கரையிலும் ஒதுங்கின. நாற்றம் தாங்க முடியவில்லை. நம் மீன் கடைகளில் இரண்டு வாரம் வாங்க ஆளில்லை. "யாரோ விஷத்தைக் கலந்துவிட்டான்" என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு நிறுவனத்தின் கழிவுதான் காரணம் என்று எவரோ சொல்ல, நாங்களும் சரிபார்க்காமல் மனு எழுதி, டிரஸ்டின் முத்திரையும் குத்தி அனுப்பினோம்.

பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் சொன்னது தெரிந்தது. அது பூங்கோரை. நம் கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரில் அழைக்கும் அதே பூங்கோரைதான். விஞ்ஞானிகள் அதை நாக்டிலூக்கா என்கிறார்கள். பாசி என்று நாம் சொன்னாலும், அது ஒற்றைச் செல் உயிரி. நம் கடலில் வருகிற வகைக்குள்ளே இன்னும் சின்னப் பச்சைப் பாசி குடியிருக்கிறது. தண்ணீர் பச்சையாகத் தெரிவது அதனால்தான். இரவில் அலை உடையும் இடத்தில் நீலமாக மின்னும். அதே வருடம் ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் மின்னியதும் இதுதான்.

பூங்கோரை மண்டிப் போய், பிறகு மொத்தமாகச் செத்து அழுகும்போது, தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. நம் கடலின் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 6 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்க முடியும். அந்த நாட்களில் சிங்கில் தீவுப் பக்கம் 2 மில்லிகிராமுக்கும் கீழே போய்விட்டது. மீனுக்கு மூச்சு முட்டியது. மீனாவது நீந்தித் தப்பிக்கப் பார்க்கும். பவளம் எங்கே போகும்? அந்தத் தீவில் வேகமாக வளரும் பவள வகைகளில் பத்துக்கு ஏழு கூட்டங்கள் செத்துப் போயின. 2008 அக்டோபரிலும் நம் கடலில் இதே போல் பூங்கோரை வந்து மீன்களும் பவளமும் செத்திருக்கின்றன. அதாவது, பதினோரு வருடம் முன்னால் நடந்ததை நாம் மறந்துவிட்டு, புதிதாக நடந்தது போல் ஒருவர் மேல் பழி போட்டிருக்கிறோம்.

அந்த மனு விஷயம் எங்களுக்கு இன்றைக்கும் உறுத்தல்தான். அதைவிட உறுத்தியது வேறொன்று. பாசி எடுக்கும் பெண்கள் சிலர் அப்போது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வேறு வேலையாக வந்திருந்தார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா சொன்னார்: "பாய், ரெண்டு வாரமா தண்ணி கொழகொழன்னு இருக்கு, கண்ணு எரியுதுன்னு நாங்க சொல்லிக்கிட்டேதானே இருந்தோம். யாரு காதுல வாங்குனீங்க?" தினமும் மணிக்கணக்கில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவர்கள் அவர்கள். எந்தக் கருவிக்கும் முன்னால் அவர்கள் தோலுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எந்தத் தேதியில், எந்த இடத்தில், காற்று எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சாட்சியை எந்த அதிகாரியிடம் கொண்டு போய்க் காட்ட முடியும்?

"இதையெல்லாம் பார்க்க அரசாங்கம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, குறையாகச் சொல்லக் கூடாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-லேயே தொடங்கப்பட்டது. தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்தில் அதன் மையம் இயங்குகிறது. சென்னையில் இருக்கிற தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் நாட்டின் கரையோரத் தண்ணீரைப் பல இடங்களில் எடுத்துச் சோதிக்கிறது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் நம் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பார்த்து, பவளத்தைக் கணக்கெடுக்கிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கடலின் சூட்டைப் பார்த்து, பவளம் வெளுக்கும் அபாயம் இருந்தால் எச்சரிக்கை விடுகிறது.

ஆனால் செயற்கைக்கோள் மேல் தண்ணீரைத்தான் பார்க்கும். நம் ஜெட்டியை ஒட்டிய கலங்கல் தண்ணீரும் வாறுகால் வாயும் அதற்குத் தெரியாது. ஆராய்ச்சிப் படகும் தினமும் வராது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அப்பா தீவு, தலையாரித் தீவு, வாழைத் தீவு, முல்லித் தீவு, வாலிமுனை, ஆனைப்பார் என்று கீழக்கரைக் கூட்டத்தில் மட்டும் ஏழு. அந்த ஏழில் பூவரசன்பட்டி இப்போது தண்ணீருக்கு மேல் இல்லை, மூழ்கிவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் விலங்குச்சல்லியும் அப்படியே. அவற்றைச் சுற்றியிருந்த பவளக்கல்லை வெட்டியெடுத்ததும் ஒரு காரணம். அந்தக் கல் எங்கே போனது என்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் கடற்கரையில் பழைய வீடுகள் சிலவற்றின் சுவரைத் தட்டிப் பாருங்கள். சுண்ணாம்புக் காளவாயில் வெந்ததும் அந்தக் கல்தான். அன்றைக்கு அது தப்பென்று யாருக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரியும்.

இந்தத் தீவுகள் இருப்பதால்தான் பெரிய அலை வெளியிலேயே உடைந்து, உள்ளே வள்ளம் ஓட்டுகிற அளவுக்குக் கடல் அடங்கியிருக்கிறது. மீன் குஞ்சு வளர்வதும் அங்கேதான். பவளப் பூச்சிக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் பவளத்துக்குச் சோறு போடுகிறது. சித்திரை, வைகாசியில் காற்று விழுந்து, கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்து, தண்ணீரின் சூடு வாரக்கணக்கில் 31, 32 டிகிரிக்கு மேலே நின்றால், அந்தப் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் செத்துவிடும். 2016-ல் அப்படித்தான் ஆனது. மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது, ஒரே வருடத்தில். சூட்டைக் குறைக்க நம்மால் ஆகாது. ஆனால் ஏற்கெனவே சூட்டில் துவண்டு கிடக்கிற பவளத்தின் மேல் சாக்கடையையும் விட்டால் அது எப்படி எழுந்திருக்கும்? நம் கையில் இருப்பது அது மட்டும்தான்.

காற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கச்சானும் வாடையும் எப்போது திரும்பும் என்று நம் பெரியவர்கள் மேகத்தைப் பார்த்தே சொல்வார்கள். அந்த அறிவு பெரியது. ஆனாலும் 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிச் சொல்லித்தான் நம் உம்மாமார் நம்மை வளர்த்தார்கள். 2017 நவம்பர் 29, 30-ல் ஒக்கி புயல் குமரிக் கடலில் சடுதியில் வலுத்தது. ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வழியில்லை. எச்சரிக்கை இருந்தும் எட்டவில்லை என்பதுதான் அங்கே கொடுமை.

பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தியில் வரும். எண்ணைக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். 1, 2 என்றால் புயல் தூரத்தில் உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் அந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்றை எதிர்பார்க்கலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே ஏற்றியிருக்கிற எண்ணைத் தமிழில் விளக்கத்தோடு பள்ளிவாசல் முகப்பில் ஒரு பலகையில் எழுதிப் போட எவ்வளவு செலவாகும்? ஒரு சாக்கட்டி.

காற்றே இல்லாமல் வரும் ஆபத்தும் உண்டு. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து, நம் கரையில் வெயில் அடிக்கும்போது திடீரென்று ஏறும். கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரிப் பக்கம் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படிப்பட்ட அலையில் போனார்கள். அதற்கும் இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. கடற்கரையில் நிற்கிற பிள்ளைகள் காதில் அது விழவில்லை.

இனி, நாங்கள் சொல்ல வந்த வெட்கக்கேடான விஷயத்துக்கு வருகிறோம்.

மதரஸாவில் நாம் ஓதியபோது தண்ணீர் பாடத்தில் உஸ்தாது முதலில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கும். பெருந்தண்ணீரில் அசுத்தம் விழுந்தால் நிறம், மணம், ருசி இந்த மூன்றில் ஒன்று மாறியதா என்று பார். நாங்கள் பிறகு கல்லூரியில் படித்தபோது கூடுதலாகத் தெரிந்துகொண்டது, இந்த மூன்றும் மாறாத தண்ணீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம் என்பது. உஸ்தாது சொன்னது தொழுகைக்கான சட்டம். பிள்ளை வயிற்றுப்போக்கில் படுக்காமல் இருக்க வேறொரு சோதனையும் வேண்டும். மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமி 100 மில்லி தண்ணீரில் 100-க்கு மேல் இருக்கக் கூடாது என்று குளிக்கும் கடல் தண்ணீருக்கு நம் நாட்டில் அளவு வைத்திருக்கிறார்கள்.

சென்ற ரமலானுக்கு முன்னால், விடுமுறைக்கு வந்திருந்த நம் ஜமாஅத்து மாணவர் ஒருவர் எங்களிடம் கேட்டுக்கொண்டு மூன்று இடத்தில் தண்ணீர் எடுத்தார். ஜெட்டி முனையில், பிள்ளைகள் குளிக்கும் இடத்தில், வாறுகால் கடலில் விழும் இடத்தில். கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே மதுரையில் ஒரு ஆய்வகத்தில் கொடுத்தோம். ஜெட்டி முனை பரவாயில்லை. மற்ற இரண்டும் அளவைத் தாண்டிப் பல மடங்கு. அந்தத் தம்பி அதோடு விடவில்லை. கடல் வாயிலிருந்து வாறுகாலைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்து, எந்தெந்தக் குழாய் அதில் சேர்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு வந்தார். கைபேசியைக் காட்டி, தயங்கித் தயங்கி, "மாமா, இது நம்ம டிரஸ்ட் பில்டிங் குழாய் மாதிரி இருக்கு" என்றார்.

மாதிரி இல்லை, அதேதான். கடற்கரைத் தெருவில் நாம் வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடம். கட்டியபோது உறை இறக்கிய குழிதான் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர். குழி நிரம்பி வழியும்போது மேல் தண்ணீர் போக வாறுகாலுக்கு ஒரு குழாய். அந்த வாடகையில்தான் நாம் உதவித்தொகை கொடுக்கிறோம். பதினைந்து வருடமாக ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை, நாங்கள் உட்பட. இன்னொருவர் மேல் முத்திரை குத்தி மனு அனுப்பிய அதே கைதான்.

2019-ல் பூங்கோரை நம் வாறுகாலால் வந்தது என்று சொல்லவில்லை. காற்று, நீரோட்டம், சூடு என்று அதற்குப் பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் சாக்கடையில் போகிற நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு எரு. காற்று விழுந்த நாளில், தீவுக்கும் கரைக்கும் நடுவே தேங்கி நிற்கிற தண்ணீரில், அந்த எரு எங்கேயும் போகாது.

இந்த அறிக்கையை வெளியில் சொல்லலாமா என்று நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டம் விவாதம் நடந்தது. மீன் வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "காக்கா, தண்ணி கெட்டுப்போச்சுன்னு நாமளே எழுதி வச்சா, நாளைக்கு நம்ம மீனை எவன் வாங்குவான்?" கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். நாங்கள் சொன்னது இதுதான். 2019-ல் எதையும் எழுதி வைக்காதபோதுதான் மீன் விற்கவில்லை. எந்த நாள், எந்த இடம் என்று சொல்ல ஆதாரம் இல்லாததால் கடல் முழுவதும் விஷம் என்று ஆகிவிட்டது. தேதி போட்டுப் பதிவு இருந்திருந்தால், இந்த மீன் எங்கே பிடித்தது, அங்கே தண்ணீர் எப்படி இருந்தது என்று காட்டியிருக்கலாம். அவர் முழுக்க ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. "சரி, எழுதுங்க. ஆனா நல்லா இருக்கிற நாளையும் எழுதணும்" என்றார். அது மிகச் சரியான பேச்சு. அதையே விதியாக வைத்திருக்கிறோம்.

கல்யாண மண்டபத்துக்கு ஏசி போட ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்து, அந்தக் கட்டடத்துக்குக் கசியாத தொட்டி கட்டுகிறோம். வாறுகால் குழாயை அடைத்தாகிவிட்டது. தொட்டி முடியும் வரை கழிவுநீர் வண்டியை வைத்து அள்ளுகிறோம், அதுவும் செலவுதான். வரும் கோடையில் நிக்காஹ் வைத்திருக்கிற குடும்பத்தார் எங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும், மின்விசிறி இருக்கிறது. அதே வாறுகாலில் இன்னும் பதினொரு வீட்டுக் குழாய் இருக்கிறது. யார் வீடு என்று இந்த மேடையில் சொல்ல மாட்டோம். நாங்களே வீட்டுக்கு வந்து பேசுகிறோம். தொட்டி கட்ட வசதியில்லாத வீடுகளுக்கு வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது.

பதிவேடு எப்படி என்று கேட்டால், பெரிய கருவி ஒன்றும் இல்லை. சுபுஹு தொழுதுவிட்டு வெளிச்சம் வந்ததும் ஜெட்டி முனைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தைச் சும்மா சொல்லவில்லை. பகலில் பாசி ஆக்சிஜனை விடும், இரவெல்லாம் அதுவே இழுக்கும். ஆகவே தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியும் வேளையில்தான். மத்தியானம் அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரியும். மீன் செத்தது விடியற்காலையில். ஒரு வாளித் தண்ணீர் இழுத்து, நிழலில் வைத்து, உடனே சூடு பார்க்க வேண்டும். பிறகு தெளிவு. 30 சென்டிமீட்டர் அகல வெள்ளைத் தட்டை அளவு குறித்த கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று எழுத வேண்டும். 1865-ல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கப்பலில் செய்து பார்த்த முறை. இன்றைக்கும் ஆராய்ச்சிக் கப்பல்களில் இதைச் செய்கிறார்கள். பிறகு காற்று எந்தப் பக்கம், மழை பெய்ததா, தண்ணீர் என்ன நிறம், வாடை உண்டா, மீன் ஏதும் ஒதுங்கியிருக்கிறதா. ஆக்சிஜன் அளக்கும் கருவி ஒன்று மட்டும் வாங்க வேண்டியிருக்கிறது. கிருமிச் சோதனை மாதம் ஒரு முறை ஆய்வகத்தில்.

தீவில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். யாரும் ஆர்வக் கோளாறில் வள்ளம் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நம் பதிவு ஜெட்டியோடு சரி. அதற்கு அப்பால், பாருக்குப் போய் வரும் வள்ளக்காரர்கள் பார்த்ததைச் சொன்னால் அவர்கள் சொன்னதாகவே எழுதுவோம். பாசி எடுக்கும் பெண்கள் சொல்வதற்குத் தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறோம். அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னோம். "இப்பவாவது கேட்டீங்களே பாய்" என்றார். பதிவின் நகல் மாதா மாதம் மண்டபம் ஆராய்ச்சி நிலையத்துக்கும் நகராட்சிக்கும் போகும். எழுதியதை யாரும் அடிக்கவோ திருத்தவோ கூடாது. தவறாக எழுதினால் பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.

வாரம் இரண்டு பேர் வீதம் ஆள் தேவை. இதுவரை ஒன்பது பெயர் வந்திருக்கிறது, அதில் மூன்று பேர் நம் பெண்கள் கல்லூரி மாணவிகள். ஜெட்டிக்கு அவர்களோடு துணைக்கு வர இரண்டு லாத்தாமார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாலையில் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் இன்காய்ஸ் அலை அறிவிப்பையும் பார்த்து, பள்ளிவாசல் பலகையிலும் மீன் ஏலக்கூடத்திலும் எழுத ஒருவர் வேண்டும். கையெழுத்து அழகாக இருந்தால் நல்லது, எங்கள் கையெழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. வரும் ஞாயிறு அஸருக்குப் பின் ஜெட்டியில் பயிற்சி. தட்டும் கயிறும் தயாராகிவிட்டன. இன்ஷா அல்லாஹ், மறுநாள் திங்கள் காலை முதல் பக்கம் எழுதத் தொடங்குகிறோம்.

வஸ்ஸலாம்.